வில்ஸன் சரிதமும் நமது கள்ளக்குறிச்சியும்

கள்ளக்குறிச்சிப் பட்டணத்தில், நீதிஸ்தலத்துக்கும் போலீஸ் நிலையத்துக்கும் வெகு சமீபத்தில், கருணாபுரம் என்றொரு பகுதி இருக்கிறது. 2024-ம் வருஷம் ஜூன் மாதம் 18, 19 தேதிகளில் அங்கும் அதன் சுற்றுப்புறங்களிலும் விஷச் சாராயம் அருந்தியவர்களில் 65 பேருக்கு மேல் மாண்டுபோன செய்தியைத் தமிழ்நாடு மறந்திராது. அன்றாடக் கூலிக்கு உழைத்தவர்களே அவர்களிற் பெரும்பாலோர். பெண்களும் சிலர் உண்டு. சாராயத்திற் கலந்திருந்த மெத்தனால் என்னும் திரவம் உடலிற் சென்று பார்மிக் அமிலமாக மாறி, முதலில் கண்ணொளியையும் பின்னர் உயிரையும் வாங்கும் தன்மையது.

அதன்பின் நடக்கவேண்டியவை நடந்தன. இறந்தவர்களின் குடும்பங்களுக்குத் தலா 10 லக்ஷம் ரூபாய் அளிக்கப்பட்டது. ஓய்வு பெற்ற நீதிபதி கோகுல்தாஸ் தலைமையில் ஒரு விசாரணைக் கமிஷன் அமைந்தது. மதுவிலக்குச் சட்டம் திருத்தப்பட்டுத் தண்டனைகள் கடுமையாயின. அவ்வருஷம் நவம்பரில் சென்னை ஹைகோர்ட்டார் வழக்கை மத்திய புலனாய்வு இலாகாவுக்கு மாற்றினர். கல்வராயன் மலையில் ஊறல் அழிக்கும் வேட்டைகளும் நடந்தன. இவற்றுள் எதையும் வேண்டாததென்று நாம் கூறமாட்டோம். ஆனால் ஒரு கேள்வி மாத்திரம் கேட்பாரற்றுக் கிடக்கிறது. ஆஸ்பத்திரியிற் பிழைத்து வீடு திரும்பிய மனிதன், மறுநாள் மாலை, கைநடுக்கமும் தொண்டை வறட்சியும் மேலிடும் வேளையில், எங்கே போவான்? யாரிடம் பேசுவான்?

இக்கேள்விக்கு விடை தேடுங்கால், கடல் கடந்த தேசத்திற் பிறந்து, குடியால் அழிந்து, குடிகாரர்களின் துணையாலேயே மீண்ட ஒருவருடைய சரிதம் நம் நினைவுக்கு வருகிறது. அதை நேயர்களுக்கு, விசேஷமாகப் பொதுவாழ்வில் ஈடுபட்ட தொண்டர்களுக்கு, எடுத்துரைப்பது நம் கடமையென எண்ணுகிறோம்.

வில்லியம் கிரிபித் வில்ஸன் ஐக்கிய அமெரிக்காவில் வெர்மான்ட் ராஜ்யத்தைச் சேர்ந்த ஈஸ்ட் டார்ஸெட் என்னும் சிற்றூரில் 1895-ம் வருஷம் நவம்பர் 26-ந் தேதி பிறந்தார். (நம் கள்ளக்குறிச்சி தனி ஜில்லாவாக உதயமானதும் 2019-ல் இதே தேதியிலேதான்.) அவர் பிறந்தது பாட்டியார் நடத்திய ஒரு விடுதியில். தகப்பனாருக்கும் குடிப்பழக்கம் உண்டு. பிள்ளைக்குப் பத்துப் பிராயம் ஆன சமயத்தில் தாயும் தந்தையும் பிரிந்துவிட, தாய்வழிப் பாட்டனாரின் வீட்டிலே வளர்ந்தார். கூர்மையான புத்தியும், எடுத்த காரியத்தை விடாத பிடிவாதமும், அதற்கீடாகக் கூச்சமும் உடையவராயிருந்தார்.

1917-ல் அமெரிக்கா யுத்தத்திற் புகுந்தபோது அவர் பட்டாளத்தில் இளம் அதிகாரியானார். நியூ பெட்போர்ட் நகரத்துச் செல்வர்கள் அதிகாரிகளை விருந்துக்கு அழைத்தனர். அங்கே தான் முதன்முதல் மதுவைத் தொட்டார். கூச்சம் பறந்தது, எல்லோரையும் போலத் தாமும் ஒருவர் என்ற உணர்ச்சி பிறந்தது. அந்த ஒரு மாலையின் சுகமே பின்னர் பதினேழு வருஷத்து நரகத்துக்கு வாசலாயிற்று. 1918 ஜனவரி 24-ல் லோயிஸ் என்னும் மாதரசியை விவாகம் செய்துகொண்டு பிரான்ஸுக்குச் சென்று திரும்பினார். சட்டக் கல்லூரியில் இராப் பாடங்கள் பயின்றார். படிப்பு முடியுந் தறுவாயில் குடி குறுக்கிட, பட்டத்தைப் பெறாமலே விட்டார். கம்பெனிகளை நேரிற் சென்று ஆராய்ந்து பங்குகளின் யோக்கியதையைக் கணிக்குந் தொழிலிற் பெரும் பொருள் ஈட்டினார். 1929 அக்டோபரில் நியூயார்க் பங்குச் சந்தை சரிந்தது, அவரும் சரிந்தார். மாமனார் வீட்டில் ஒண்டிக் குடியிருந்தார். மனைவி கடையில் வேலை பார்த்துக் கொணர்ந்த கூலியில் குடும்பம் நடந்தது.

இங்கே மதுவிலக்கில் நம்பிக்கையுள்ள நம் போன்றோர் நிதானிக்கவேண்டிய ஒரு விஷயம் உண்டு. 1920 முதல் 1933 வரை அமெரிக்கா முழுவதிலும் மதுவிலக்குச் சட்டம் அமலில் இருந்தது. வில்ஸன் மீளாக் குடிகாரரானது அந்தப் பதினான்கு வருஷத்திலேதான்! நம் நாட்டில் ராஜாஜி 1937-ம் வருஷம் அக்டோபர் 1-ந் தேதி சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைத் தொடங்கினார்; கல்வராயன் மலைத்தொடரின் மேற்குப் பாகம் அந்த ஜில்லாவைச் சேர்ந்ததே. பின்னர் 1948-க்குள் அது மாகாணம் முழுவதும் பரவிற்று, 1971-ல் நிறுத்தி வைக்கப்பட்டது, 1974-ல் மீண்டது, பிறகு மறுபடியும் தளர்ந்தது. சட்டம் வந்தபோதும் போனபோதும் மலைச்சரிவுகளில் ஊறற்பானைகள் புதைந்தே இருந்தன. மதுவிலக்கு புதிய குடிகாரர் பெருகாமல் தடுக்கும் வேலி. அதை நாம் இன்றும் வேண்டுகிறோம். ஆயினும் ஏற்கனவே நோயிற் சிக்கியவனுக்கு வேலி மருந்தாகாது.

வில்ஸன் குடியை விட முயலாதவரல்லர். குடும்பத்து வேத புஸ்தகத்தில், இனித் தொடுவதில்லையென்று மனைவிக்கு எழுதிக் கையொப்பமிட்டார். ஒரு தடவையல்ல, பல தடவை. நம் ஊர்களில் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்வதும், பிள்ளை தலையில் அடித்து ஆணையிடுவதும் இதற்குச் சமானம். சத்தியம் செய்த நிமிஷத்தில் அவன் பொய் சொல்வதில்லை. மாலை வந்ததும் சத்தியம் தோற்கிறது. தோற்றவுடன் வெட்கம் பிறக்கிறது. வெட்கத்தை மறக்க மறுபடியும் குடிக்கிறான்.

நியூயார்க்கில் டௌன்ஸ் ஆஸ்பத்திரி என்னும் சிகிச்சை ஸ்தலத்தில் வில்ஸன் பல முறை சேர்க்கப்பட்டார். அங்கே வில்லியம் ஸில்க்வொர்த் என்னும் வைத்தியர் அவருக்கு ஒரு புதிய விஷயத்தைக் கூறினார். குடி ஒழுக்கக் கேடு மாத்திரமன்று, அது ஒரு நோய். சிலருடைய தேகம் முதல் மிடறுக்குப் பின் நிறுத்தும் சக்தியை இழக்கிறது, சிலருடைய மனமோ அந்த முதல் மிடறை மறக்க மறுக்கிறது என்பதே அவர் கொள்கை. 1934 நவம்பரில், பழைய சிநேகிதரும் பேர்போன குடிகாரருமான எபி தாச்சர் என்பவர் வில்ஸனைத் தேடி வந்தார். அவர் குடிக்காமல் இருந்தார்! உபதேசம் செய்யாமல், தாம் மீண்ட கதையை மாத்திரம் சொன்னார். வைத்தியர்களும் உறவினரும் சொல்லி நுழையாத சொல், தம்மைப் போன்றே விழுந்த ஒருவன் வாயிலிருந்து வந்தபோது உள்ளே சென்றது. அவ்வருஷம் டிசம்பர் 11-ந் தேதி வில்ஸன் கடைசி முறையாக ஆஸ்பத்திரியிற் சேர்ந்தார். தெய்வ நம்பிக்கையற்றிருந்த அவருக்கு அங்கே ஒரு பெரிய மனமாற்றம் உண்டாயிற்று. அதன்பின் மரணபரியந்தம் அவர் மதுவைத் தொடவில்லை. அப்போது அவருக்கு வயது 39.

ஆனால் சரிதத்தின் முக்கிய பாகம் இனிமேல்தான். மீண்ட உற்சாகத்தில் அவர் நகரத்துக் குடிகாரர்களையெல்லாம் திருத்தக் கிளம்பினார். தம் அனுபவத்தை முழங்கினார், பிரசங்கம் செய்தார், வீட்டுக்கு அழைத்துவந்து சோறிட்டார். ஐந்து மாத காலம் இவ்வாறு பாடுபட்டும் ஒருவராவது திருந்தினாரில்லை. சோர்ந்திருந்த கணவருக்கு லோயிஸ் ஓர் உண்மையை எடுத்துக்காட்டினார்: வேறு எவரும் மீளாவிடினும், அம்முயற்சியினால் அவர் குடியாமல் இருந்துவருகிறாரே! ஸில்க்வொர்த்தோ, பிரசங்கத்தை நிறுத்திவிட்டு முதலில் நோயின் உண்மையைச் சொல்லும்படி புத்தி கூறினார்.

1935 மே மாதத்தில் ஒரு கம்பெனி விவகாரமாக வில்ஸன் ஒஹையோ ராஜ்யத்திலுள்ள ஆக்ரன் நகருக்குச் சென்றார். விவகாரம் தோற்றது, கூட வந்தவர்கள் திரும்பிவிட்டனர், கையிற் சொற்பப் பணத்துடன் ஹோட்டல் கூடத்தில் தனியே நின்றார். ஒரு பக்கத்தில் மதுச்சாலை, சிரிப்பொலி கேட்கிறது. மறு பக்கத்தில் டெலிபோன். உட்சென்று ஒரு குவளை அருந்தினால் என்ன என்ற எண்ணம் எழுந்தவுடன் அவருக்கு அச்சம் உண்டாயிற்று. தம்மைக் காப்பாற்றிக்கொள்ள அவசரமாக வேறொரு குடிகாரன் வேண்டும் என்பதை அந்த நிமிஷத்தில் உணர்ந்தார். டெலிபோனை எடுத்துப் பாதிரிமார்களை விசாரிக்கத் தொடங்கினார். கடைசியில் ஹென்ரியெட்டா ஸைபர்லிங் என்னும் அம்மையார் மூலம், ராபர்ட் ஸ்மித் என்னும் ரண வைத்தியரை மறுநாள் மே 12-ந் தேதி மாலையிற் சந்தித்தார். ஸ்மித் 55 வயதினர். குடியால் தொழிலும் பெயரும் கெட்டவர். கால் மணி நேரத்துக்கு மேல் உட்காருவதில்லையென்ற நிபந்தனையுடன் வந்தவர். ஐந்து மணிக்குத் தொடங்கிய சம்பாஷணை இரவு பதினொரு மணிக்கு மேல் முடிந்தது. வில்ஸன் உபதேசிக்கவில்லை, தமக்கு இந்தச் சந்திப்பு அவசியம் என்பதை மறைக்கவுமில்லை. உதவி கேட்டு வந்த ஒருவனிடம் ஸ்மித் முதன்முறையாக மனந்திறந்து பேசினார்.

ஸ்மித் ஒரு முறை மறுபடியும் விழுந்தார். ஜூன் 10-ந் தேதி காலையில் அவர் ஒரு நோயாளிக்கு ரண சிகிச்சை செய்யவேண்டியிருந்தது, கை நடுங்கிற்று. நடுக்கம் நிற்க வில்ஸனே ஒரு பீர் கொடுத்து அனுப்பினார். அதுவே ஸ்மித் அருந்திய கடைசி மது. அந்தத் தேதியையே அச்சங்கத்தார் தங்கள் ஜன்ம தினமாகக் கொண்டாடுகிறார்கள். அம்மாதத்திலேயே இருவருமாக மூன்றாமவரைத் தேடி ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அங்கே, தாதிமாரை அடித்ததற்காகக் கட்டிலோடு பிணைக்கப்பட்டுக் கிடந்த பில் டாட்ஸன் என்பவர் ஒரு வக்கீல்! நம் தொழிலைச் சேர்ந்த அவரும் எழுந்தார். 1954-ல் மரிக்குமளவும் குடியாதிருந்தார். கல்வியும் சட்ட ஞானமும் இந்நோய்க்குக் கவசமல்ல என்பதற்கு வேறு சாக்ஷி வேண்டியதில்லை.

1939-ல், ஏறக்குறைய நூறு பேர் மீண்டிருந்த சமயத்தில், தங்கள் அனுபவத்தை ஒரு புஸ்தகமாக வெளியிட்டனர். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், அதாவது பெயர் வெளியிடாக் குடிநோயாளர், என்ற அதன் தலைப்பே சங்கத்தின் பெயராயிற்று. அதே வருஷத்தில் வில்ஸன் தம்பதிகள் குடியிருந்த வீட்டையும் இழந்து பிறர் வீடுகளில் அண்டி வாழ்ந்தனர். முன்னரே டௌன்ஸ் ஆஸ்பத்திரியார் அவருக்குச் சம்பளத்துடன் ஒரு பதவி அளிக்க முன்வந்தனர். வறுமையில் வாடிய அவர் அதை ஏற்க விரும்பினார். ஆனால் அன்று மாலை கூடிய தோழர்கள், கூலிக்குச் செய்யும் உதவி மனத்தைத் தொடாது என்று மறுத்தனர். வில்ஸன் பணிந்தார். கோடீசுவரர் ராக்பெல்லரை நாடியபோது அவரும் 5,000 டாலர் அளித்ததோடு நின்று, பணம் இக்காரியத்தைக் கெடுத்துவிடும் என்று கருதினார். வெளியார் நன்கொடை பெறுவதில்லையென்று சங்கம் பிற்காலத்தில் விதியே செய்துகொண்டது.

நம் அரசியல் நண்பர்கள் கவனிக்கவேண்டிய மற்றொன்று. 1955-ல் ஸெயின்ட் லூயிஸ் நகரில் கூடிய மகாநாட்டில் வில்ஸன் தலைமையைத் தம் கையிலிருந்து அங்கத்தினர்களின் பிரதிநிதி சபைக்கு ஒப்புவித்தார். யேல் சர்வகலாசாலை அளிக்க முன்வந்த கௌரவப் பட்டத்தை மறுத்தார். அவர் குறைகளற்றவரல்லர். பல வருஷகாலம் மனச்சோர்வு நோயால் வருந்தினார். மதுவை வென்றவர் புகையிலையிடம் தோற்றார். சுவாசகோச வியாதியால் 1971-ம் வருஷம் ஜனவரி 24-ந் தேதி, தம் விவாக தினத்திலேயே, காலஞ்சென்றார். அவரை மீட்ட எபி தாச்சரோ பன்முறை மீண்டும் விழுந்தார். வில்ஸன் அவரைக் கடைசிவரை கைவிடவில்லை. குடிகாரரின் மனைவிமாரும் நோயின் பங்காளிகளே என்று கண்ட லோயிஸ், 1951-ல் குடும்பத்தாருக்கென அல்-அனான் என்ற தனிச் சங்கத்துக்கு அடிகோலினார்.

ஹோட்டல் கூடத்தில் தொடங்கிய அந்தத் தேட்டம் இன்று ஏறக்குறைய 180 தேசங்களில் 20 லக்ஷம் பேருக்குப் புகலிடமாக இருக்கிறது. இந்தியாவுக்கு 1957-ல் வந்தது. தமிழ்நாட்டின் பல ஊர்களில் தமிழிலேயே கூட்டங்கள் நடக்கின்றன. 2020-ல் வெளியான காக்ரேன் ஆராய்ச்சித் தொகுப்பு, பத்தாயிரத்துக்கு மேற்பட்டவர்களைப் பற்றிய 27 ஆராய்ச்சிகளைச் சீர்தூக்கி, குடியை அறவே விட்டிருக்கச் செய்வதில் இம்முறை மற்றச் சிகிச்சைகளுக்கு இளைத்ததன்று என்று முடிவு கூறிற்று.

கூட்டம் எத்தகையது? ஒரு பள்ளிக்கூடத்து அறை அல்லது கோயிற் கூடம், சில நாற்காலிகள், தேநீர். கட்டணமில்லை, மனுவில்லை, பதிவேடில்லை. குடியை நிறுத்தவேண்டுமென்ற விருப்பம் ஒன்றே தகுதி. ஊரும் குலமும் யாரும் கேட்பதில்லை. ஒருவர் தம் பெயரைச் சொல்லித் தாம் குடிநோயாளியென்று ஒப்புக்கொண்டு, நேர்ந்தவற்றைப் பேசுகிறார். மற்றவர்கள் இடைமறிக்காமற் கேட்கிறார்கள். அங்கே கேட்டது வெளியே போகாது. பேச மனமில்லாதவர் மௌனமாக இருக்கலாம். ஆயுள் முழுதுக்கும் ஆணையிடும்படி யாரும் வற்புறுத்துவதில்லை. இன்று ஒரு நாள் குடியாமலிருந்தாற் போதும். புதியவருக்கு முன்னரே மீண்ட ஒருவர் வழித்துணையாகிறார். இச்சை எழும் வேளையில் அவரைக் கூப்பிடலாம். கடவுளைப்பற்றிய பேச்சு உண்டு. எனினும் அவரவர் அறிந்தவாறே. மலைவாசிக்கு அவன் குலதெய்வம் போதும். நாத்திகருக்குக் கூட்டத்தின் பலமே போதும்.

தேடுவது எப்படி? நெடுநாள் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பும் சித்தப்பிரமையும் உண்டாகி உயிருக்கே ஆபத்து நேரலாம். ஆகையால் முதற்படி வைத்தியரே. வில்ஸனும் ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்தே எழுந்தார். கள்ளக்குறிச்சி சர்க்கார் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குச் செல்பவர், அங்குள்ள வைத்தியரிடம் கூட்டங்களைப்பற்றியும் விசாரிக்கலாம். போதை மீட்புக்கென 14446, மனநலத்துக்கென 14416 என்ற இலவச டெலிபோன் எண்கள் உண்டு. மலையிலிருந்து இறங்கமுடியாதோர்க்குக் கைப்பேசி வழியான கூட்டங்களும் இருக்கின்றன. முதற்கூட்டம் மனத்துக்கு ஒவ்வாவிடின் வேறொன்றுக்குப் போகவேண்டும். ஒரே நாளில் தீர்ப்புக் கூறலாகாது. சமீபத்தில் எதுவும் இல்லையெனில், குடியைவிட விரும்பும் இருவர் மூவர் கூடினாலே அது கூட்டமென்பது சங்கத்தின் விதி.

கிராமத்தில் இது நடவாது என்பார்க்கு மஞ்சக்குடியைக் காட்டுவோம். கணவரைக் குடிக்குப் பலிகொடுத்த சாந்தி ரங்கநாதன் அம்மையார் 1980-ல் சென்னையில் ஒரு சிகிச்சை ஸ்தாபனத்தைத் தொடங்கினார். 1989 முதல் அந்த ஸ்தாபனத்தார், இன்றைய திருவாரூர் ஜில்லாவிலுள்ள மஞ்சக்குடிக்கே சென்று, ஊராரின் ஒத்துழைப்புடன் முகாம் நடத்திக் குடிநோயாளருக்குச் சிகிச்சை அளித்தனர். நோயாளி பட்டணத்துக்கு வரக் காத்திராமல் சிகிச்சை நோயாளியின் ஊருக்குப் போகக்கூடுமென்பது அதனால் விளங்கிற்று. காவிரிக் கரையில் கூடியது கோமுகிக் கரையில் கூடாதா? கச்சிராப்பாளையத்திலும் வெள்ளிமலையிலும் மாலை வேளைகளிற் பூட்டிக்கிடக்கும் பள்ளி அறைகள் இல்லையா?

தொண்டர்களே, நமக்கு இதில் என்ன வேலை என்று கேட்பீர்கள். 1921-ல் ஈரோட்டில் நாகம்மையாரும் கண்ணம்மாளும் கள்ளுக்கடை மறியலில் நின்ற காலந்தொட்டு, கடைக்கு எதிரே நிற்க நாம் அறிவோம். குடிப்பவன் பக்கத்தில் உட்கார நாம் கற்றோமில்லை. மேடையேறி அவனை இகழ்ந்தோம்; அவன் மனைவியின் கண்ணீரைப் பாடினோம்; அவன் தலைகுனிந்து சென்று, மறைவிலே பாக்கெட் சாராயத்தை உடைத்தான். அதில் நமக்கும் பங்குண்டென்பதை இப்பத்திரிகை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறது. முதல் ஐந்து மாதம் வில்ஸன் செய்த தவறை நாம் நூறு வருஷமாகச் செய்துவருகிறோம். அவர் மீண்டவர், அவர் பிரசங்கமே பலிக்கவில்லையென்றால், குடித்தறியாத நம் பிரசங்கம் எவ்வாறு பலிக்கும்?

நாம் செய்யத்தக்கது சிறிது. வாரத்துக்கு ஒரு மாலை ஓர் அறையைத் திறந்து கொடுக்கலாம். மலைக்கிராமத்திலிருந்து வருபவருக்குப் பஸ் செலவைக் கவனிக்கலாம். மீண்டு பல வருஷமான ஒருவரை அயலூரிலிருந்து அழைத்துவரலாம். பெண்களுக்கெனத் தனி வேளை ஒதுக்கலாம். அதன்பின் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்துவிடவேண்டும். கட்சிக் கொடி கூடாது, புகைப்படம் கூடாது, உள்ளே யார் இருந்தாரென்று மறுநாள் கடைத்தெருவிற் சொல்லக் கூடாது. பேர் வாங்கப் பழகிய நமக்கு இதுவே கடினமான தியாகம்.

கருணாபுரத்து விதவைகளுக்கு நஷ்டஈடு கிடைத்தது. குற்றவாளிகளுக்குத் தண்டனையும் கிடைக்கட்டும். அவர்களுடைய அண்டை வீட்டில் இன்னும் குடித்துக்கொண்டிருக்கும் சகோதரனுக்கு, மாலையில் சென்று உட்கார ஒரு நாற்காலியும், எதிரே தன்னைப்போல் விழுந்து எழுந்த ஒரு மனிதனும் கிடைக்கவேண்டும். அடுத்த ஜூன் மாதத்துக்குள் கள்ளக்குறிச்சி ஜில்லாவின் ஒவ்வொரு தாலூகாவிலும் அப்படி ஓர் அறை திறக்கப்படுமா என்று நம் தொண்டர்களைக் கேட்கிறோம். சாவி பெரும்பாலும் அவர்கள் கையிலேயே இருக்கிறது.